மேற்கு யன்னலுக்கு எந்தக் கரண்ட்

மோட்டரில் ஏறி இறங்கும் யன்னல் திரைக்கு எந்தக் கரண்ட் நல்லது? சுவருக்குள்ளால் வரும் வயரா, திரை சுருளும் குழாய்க்குள் இருக்கும் பற்றரியா, வெளியே ஒட்டும் சோலர் தகடா? எங்கள் கடையில் இப்போது வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் என்னிடம் இதைக் கேட்டிருந்தார்கள். கைபேசியில் இரண்டு வரி போட்டால் போதும், வாங்க வருகிற சனத்துக்குக் காட்டலாம் என்றார்கள். எழுதுவதும் அழிப்பதுமாகச் சில நாள் போயிற்று. வயர் என்று எழுதினால் வயர் போட்டு வீணான வீடு ஞாபகம் வந்தது. பற்றரி என்று எழுதினால் அதுவும் அப்படியே. கடைசியில் பதில் போடவேயில்லை. தொழிலாளர் நலன்புரிச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இப்போது கேட்டிருக்கிறார்கள். அதனால் இதையே எழுதுகிறேன். பிள்ளைகள் கேட்ட பதில் இதற்குள் இருக்குமோ தெரியாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தது, நாங்கள் இன்னொரு பக்கம் இடம்பெயர்ந்தோம். பிறகு இரண்டும் சந்திக்கவில்லை. கரண்டே இல்லாத வன்னியில்தான் கரண்ட் வேலை பழகினேன். சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாட வைப்பது, எரிந்துபோன தண்ணீர்ப் பம்பு மோட்டருக்குச் செப்புக் கம்பி திரும்பச் சுற்றுவது, இப்படியே வருடங்கள் போயின. சண்டை எல்லாம் முடிந்து றோட்டுகள் திறந்த பிறகு வவுனியாவில் ஹனீபா நானாவின் கடையில் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவர் முல்லைத்தீவுப் பக்கத்து மனுசன். அவரும் ஒருநாள் ஊரைவிட்டு வெறுங்கையோடு வெளிக்கிட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். திரைச்சீலை, யன்னல் கம்பி, பிறகு இந்த மோட்டர் திரை என்று கடை வளர்ந்தது. ஓய்வு பெறும்வரை அவரோடுதான் நின்றேன்.

எனக்கு ஒரு குணம் இருக்கிறது. எந்த வேலையை முடித்தாலும் மனம் அதை விட்டு வராது. ஓமந்தையில் ஒரு வீட்டில் வேலை முடித்து வவுனியா வந்து சேர்ந்த பிறகு, திரையைத் தாங்கும் பிடியின் ஆணி இறுகியதோ என்று நினைப்பு வரும். மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன். ஆணி இறுகித்தான் இருக்கும். நானா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"தம்பி, நீ மவுத்தானாலும் பெட்டிக்கு ஆணி சரியா அடிச்சிருக்கிறாங்களோ எண்டு எழும்பிப் பார்ப்பாய்."

"பார்த்தா என்ன நானா, நல்லதுதானே."

"நல்லதுதான். பெட்டியைத் தோளில காவிறவன்தான் பாவம்."

நானா ஒரு வீட்டுக்குப் போனால் உடனே அளவு நாடாவை எடுக்கமாட்டார். திரை போட வேண்டிய அறைக்குள் போய் வெறும் நிலத்தில் குந்துவார். மின்விளக்கை அணைக்கச் சொல்வார். வீட்டுக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து அது ஆறிப்போகும்வரை பேசாமல் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். வெயில் நிலத்தில் வந்து நிற்கும் இடத்தைச் சோக்கட்டியால் கீறுவார். பிறகுதான் கேள்விகள். கரண்ட் எந்த நேரத்தில் போகிறது? திரை நின்றுபோனால் ஏணி வைத்து ஏறுவதற்கு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? இந்தப் பக்கம் இனி ஏதாவது கட்டப் போகிறீர்களா? மற்றக் கடைக்காரர்கள் துணியின் நிறத்தில் இருந்து தொடங்குவார்கள். நானா நிறத்துக்கு வரும்போது சனம் களைத்துப்போயிருக்கும்.

நாங்கள் போட்ட முதலாவது மோட்டர் திரை கிளிநொச்சியில் ஒரு பெரிய மாடி வீட்டுக்கு. வீட்டுக்காரர் கனடாவில். சுவரைக் கொத்தினால் பூச்சு பழுதாகும் என்று அவர் பற்றரி கேட்டார், பற்றரியே போட்டோம். திரையை இறக்கிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த கோயில் திருவிழாவுக்குக் குடும்பமாக வந்து இறங்கினார்கள். ஒரு யன்னல் திரைகூட ஏறவில்லை. பற்றரிகள் எல்லாம் சும்மா கிடந்து செத்திருந்தன. நான் ஓடிப்போனபோது வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றார்.

"நாங்கள் கனடாவில இருந்து வந்திட்டம். இது மேல போறதுக்கு வரமாட்டன் எண்டுது."

"சார்ச் போடாம விட்டா அப்பிடித்தான் அக்கா..."

"ஆர் போடுறது? வீட்டில பல்லிதானே இருந்தது. பல்லிக்குச் சொல்லிப்போட்டெல்லோ போயிருக்கவேணும்?"

அடுத்தது ஆனையிறவுப் பக்கம் ஒரு தங்குமிடம். அங்கே பற்றரி வேண்டாம் என்று சோலர் தகடு போட்டோம். உப்புக்காற்று தகட்டின் இணைப்பைத் தின்றுவிட்டது. பச்சை பிடித்த செப்பை நகத்தால் சுரண்டினால் பொடியாகக் கொட்டியது. இனிமேல் எல்லா இடமும் வயர்தான் என்று அன்று நான் முடிவெடுத்தேன். வயர் என்றால் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், எனக்குக் கொஞ்சம் நித்திரை வரும். ஆனால் நாட்டில் மின்வெட்டு வந்தது. வயர் சுவருக்குள் பத்திரமாக இருந்தது, அதற்குள் ஓடக் கரண்ட்தான் இருக்கவில்லை.

அந்த மின்வெட்டுக் காலத்தில்தான் பளைக்குப் போனோம். நான் எழுத வந்தது அந்த வீட்டைப் பற்றித்தான்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. சுற்றித் தென்னை. வீட்டுக்காரர் பெயர் தவசீலன். கழுத்துப் பக்கம் முள்ளந்தண்டில் பட்ட காயத்தால் நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இயங்காது. கைகள் அசையும், விரல்கள் மடங்கா. மனைவி வசந்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர். விடியப் போகும் தொழிற்சாலை பஸ் பொழுது சாயத்தான் கொண்டுவந்து விடும். மகள் பள்ளிக்கூடம். பகலில் அந்த வீட்டில் தவசீலனும் அவருடைய கட்டிலும்தான்.

தம்பி வெளியைப் பார்க்கட்டும் என்று சுவிசில் இருக்கிற தவசீலனின் அண்ணன் மேற்குச் சுவரை இடித்துப் பெரிய கண்ணாடி யன்னல் வைத்துக் கொடுத்திருந்தார். கட்டிலில் படுத்தபடியே கடல்நீரேரிப் பக்கம் தெரியும். அங்கே கரண்ட் எடுக்க நிரையாக நிற்கும் பெரிய காற்றாடிகள் சுற்றுவதும் தெரியும். நல்ல மனதோடு செய்த வேலைதான். ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கண்ணாடியால் வெயில் நேரே கட்டிலில் விழுந்தது. அவருக்குக் காயத்துக்குக் கீழே வேர்க்காது. வேர்க்காத உடம்பில் சூடு ஏறினால் இறங்காது. ஒருநாள் வசந்தி வேலையால் வந்து பார்த்தபோது மனுசன் கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஆசுப்பத்திரியில் ஐஸ் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் சொல்ல ஏலாது என்று டொக்டர் சொன்னாராம்.

சாதாரணத் துணியை எந்நேரமும் மூடிவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். வசந்தி பதில் சொல்ல வாயெடுக்க, தவசீலனே சொன்னார்.

"மூடினா மத்தியானத்துக்குப் பயமில்லை அண்ணை. காலமையும் மூடித்தானே கிடக்கும்? என்னைத் திருப்பிறது அவா. துடைக்கிறது அவா. சாப்பாடு தீத்திறது பிள்ளை. ரிமோட் எண்டா எப்பிடியும் நான் அமத்துவன். நானே செய்யிறதுக்கு எனக்கு ஒரு வேலை வேணும்."

நானா நிலத்தில் குந்தவில்லை. பக்கத்தில் இருந்த மர வாங்கில் தவசீலனைப் போலவே மல்லாந்து படுத்தார். தலையை அவர் வைத்திருக்கும் பக்கம் வைத்தார். வசந்தி என்னைப் பார்த்தார். இது பைத்தியமோ என்று கேட்கிற பார்வை.

"நல்லாத் தெரியுது," என்றார் நானா. "அந்தக் கடைசிக் காத்தாடி சுத்தேல்லையே?"

தவசீலன் சிரித்தார். "அது சோம்பேறி. எப்பவாவது ஒருநாள்தான் சுத்தும். அது சுத்தினா அண்டைக்கு எனக்குப் பெருநாள்."

பிறகு கரண்ட் கதை தொடங்கியது. அண்ணன் சுவிசில் இருந்து கைபேசித் திரையில் முகம் காட்டிக்கொண்டு நின்றார். சோலர் போடுங்கோ, வெயில் சும்மாதானே கிடக்குது என்றார். வசந்திக்கு வயர்தான் விருப்பம். எனக்கும் அதுதான். ஆனால் பளையில் அப்போது கரண்ட் போகும் முறை சொல்லிவைத்தாற்போல மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்தது. வெயில் கட்டிலுக்கு வரும் நேரத்தில் கரண்ட் இல்லாவிட்டால் அந்தத் திரையால் என்ன பயன்? தனிப் பற்றரி என்றால் உயரத்தில் வயர் செருகிச் சார்ச் ஏற்ற வேண்டும். அதை ஒருநாள் மறந்தால், மறந்தவர் வேலையில் இருப்பார், வெயில் இங்கே இருக்கும். நான் இந்த வேலையை எடுக்க வேண்டாம் என்று நானாவின் காதுக்குள் சொன்னேன்.

"நாங்கள் எடுக்காட்டி ஆர் எடுக்கிறது? நிறம் கேக்கிறவனோ?" என்றார்.

பற்றரியும் சோலர் தகடும் சேர்த்துப் போடுவது என்று முடிவாயிற்று. தகடு மேற்குப் பக்கம், யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில். எந்த வெயில் அவரைச் சுடப் போகிறதோ அதே வெயில் பற்றரியை ஏற்றும், அந்தப் பற்றரி திரையை இறக்கும். நானா தன் வழமையான கேள்வியைக் கேட்டார், இந்தப் பக்கம் ஏதாவது கட்டுவீர்களா என்று. ஒன்றும் கட்டப் போவதில்லை என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். அந்தப் பக்கம் இடுப்பளவு முள்ளுக்கம்பி வேலி, கிணறு, அதற்கு அப்பால் வெளி.

ரிமோட்டைத் தவசீலனால் பிடிக்க முடியாது. ஒரு பலகையில் அதைப் பதித்துக் கட்டில் சட்டத்தில் இறுக்கினேன். இறக்கும் பொத்தானின் மேல் பசையால் ஒரு சின்ன மேடு வைத்தேன், பார்க்காமலே விரல் முட்டிக்குத் தெரிய. அவர் முட்டியால் அமத்தினார். திரை இறங்கியது. மற்றப் பொத்தானை அமத்தினார், ஏறியது. அன்று பின்னேரம் முழுக்க ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். நான் அடுத்தநாளும் போனேன், ஆணி பார்க்க. அதற்கடுத்த மாதமும் போனேன். பிறகு எந்த வேலைக்கு வடக்கே போனாலும் பளையில் இறங்கிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கோடை ஒன்று நல்லபடியாகப் போயிற்று. அவருக்குச் சூடு ஏறவில்லை. காலையில் காற்றாடி, வெயில் வரத் திரை, வெயில் விழுந்ததும் மறுபடி காற்றாடி. போனால் சோம்பேறிக் காற்றாடி சுற்றியதா இல்லையா என்பதுதான் முதல் கதை.

மறு கோடையில் தவசீலன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, இப்ப மெல்ல மெல்லத்தான் இறங்குது. பாதியில நிண்டு மூச்சு வாங்குது."

மனம் பதறி அடுத்த பஸ்ஸிலேயே போனேன். வாசல் படலையடியில் எனக்கு வீடு மாறிவிட்டதோ என்று தோன்றியது. வீட்டைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலாக, ஒன்றின் மேல் ஒன்றாக, தென்னோலை பின்னிய புதுக் கிடுகு வைத்து வேலி அடைத்திருந்தார்கள். வேலிக்கு ஊன்றும் பூவரசங் கதியால்கள் நெருக்கமாக நட்டிருந்தன. மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரியவளானால் வேலி உயரும். இதில் யாரைக் குறை சொல்வது? கிணறு அந்தப் பக்கம், பிள்ளை குளிப்பது அங்கே. உறவுக்காரரும் அயலும் சேர்ந்து சந்தோசமாக அடைத்துக் கொடுத்த வேலி. நானா கேட்டதற்கு ஒன்றும் கட்டமாட்டோம் என்றவர்கள் பொய் சொல்லவில்லை. வேலி அடைப்பதை யாரும் கட்டுவது என்று சொல்வதில்லை.

தகட்டில் கிடுகின் நிழல் விழுந்திருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். வெயில் பின்னேரம் வேலிக்குப் பின்னாலேயே இறங்கிப் போகிறது. தகட்டுக்குக் கிடைத்தது மத்தியானம் தாண்டி வரும் கொஞ்ச நேரச் சரிந்த வெயில்தான். உள்ளே திரைக் குழாயைக் கழற்றினேன். பற்றரி கையில் சுட்டது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில், அந்த வீட்டிலேயே ஆகச் சூடான இடத்தில், அது வெந்து இளைத்துப்போயிருந்தது. முந்தித் தகடு ஒவ்வொரு நாளும் ஊட்டி ஊட்டி அந்த இளைப்பைத் தெரியாமல் வைத்திருந்தது. வேலி வந்ததும் தெரிந்துவிட்டது.

வேலி ஒரு நல்லதும் செய்தது. வெயில் கட்டிலில் விழும் நேரம் குறைந்திருந்தது. ஆனால் தலைக்கு மேலே இருந்து சரிந்து வரும் அந்தக் கொஞ்ச நேர வெயிலே அவருக்குப் போதும். திரை கட்டாயம் வேண்டும்.

"ரண்டு கிடுகைக் கழட்டினா தகட்டுக்கும் வெயில் வரும், உமக்கும் வெளி தெரியும்," என்றேன்.

மகள் அறை வாசலில் நின்றாள். "நானும் சொன்னனான் மாமா. அந்த இடத்தில ஒரு கிடுகு இல்லாட்டி என்ன? நான் உள்ளுக்க வாளியில தண்ணி எடுத்துக் குளிக்கிறன்."

"நீ உள்ளுக்கப் போ பிள்ளை," என்றார் தவசீலன். அவள் போன பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வேலியை உயத்தச் சொன்னதே நான்தான் அண்ணை. கிடுகும் நான்தான் சொல்லி எடுப்பிச்சது. ஒருத்தன் வந்து பிள்ளையோட சேட்டை விட்டா எழும்பிப் போய்க் கேக்க ஏலாத தேப்பன் நான். எனக்கு வெளி தெரியிற ஓட்டையால வெளிக்கு எல்லாம் தெரியும். ஒரு கிடுகும் கழட்டக் கூடாது."

வெளியே வந்து நானாவுக்கு எடுத்துக் கேட்டேன். அப்போது அவருக்கு முழங்கால் வருத்தம், கடையைவிட்டு வெளியே வருவதில்லை. அவர் வேலியின் உயரத்தைக் கேட்டார். பிறகு, "புதுப் பற்றரி அனுப்புறன். தகட்டை வேலிக்கு மேல தூக்கு. கதியாலில கட்டாதை, அது தழைச்சு மூடும். குழாய் நட்டுக் கட்டு," என்றார். அதோடு வைத்துவிட்டார்.

அப்படியே செய்தேன். இரும்புக் குழாய் நட்டுச் சீமெந்து போட்டேன். தகடு வேலிக்கு மேலே தனியாக, வெயிலைப் பார்த்தபடி நின்றது. நீள வயர் இழுத்து, அணில் கடிக்காமல் குழாய்க்குள் விட்டேன். புதுப் பற்றரியைக் கண்ணாடியில் இருந்து தள்ளிச் சுவர்ப் பக்கம் வைத்தேன். வேலை முடிய அவர் முட்டியால் அமத்தினார். திரை தடங்கல் இல்லாமல் இறங்கியது. மற்றப் பொத்தானை அமத்த அதே மாதிரி ஏறியது. மேலே போன திரைக்குப் பின்னால் புதுக் கிடுகு, யன்னல் நிறைய. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறக்கினார்.

என் வாழ்க்கையில் இதைவிடத் திறமான கரண்ட் நான் எந்தத் திரைக்கும் கொடுத்ததில்லை. மின்வெட்டு அதைத் தொடாது. உப்பு அவ்வளவு தூரம் வராது. யாரும் ஏணி ஏறத் தேவையில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பயப்படுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னர் கடைசியாக அங்கே போனேன். ஞாயிற்றுக்கிழமை, வசந்தி வீட்டில் நின்றார். காலை நேரம். வெளியே நல்ல காற்று, தென்னைகள் ஆடின. அறைக்குள் திரை இறங்கியிருந்தது. தவசீலன் சுவரைப் பார்க்கத் தலை வைத்துப் படுத்திருந்தார். கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

"இப்ப ஏத்திறதே இல்லை," என்றார் வசந்தி குசினியில் வைத்து. "ஏத்தி என்னத்தைப் பாக்கிறது அண்ணை, கிடுகையோ? வேலி உக்கி விழ வருசமெடுக்கும். விழுந்தாலும் அவர் திரும்ப அடைப்பிப்பார். பிள்ளை அழுதுபார்த்திட்டாள். வாயே திறக்கிறாரில்லை."

நான் உள்ளே போய் ஏணி வைத்துப் பற்றரி பார்த்தேன். பார்க்கத்தானே போனேன். இந்தப் பற்றரிகளில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். தொட்டால் குறைவு என்றால் சிவப்பு, பாதி என்றால் மஞ்சள், நிறைவு என்றால் பச்சை. பாவிக்கிற திரையில் ஒருநாளும் முழுப் பச்சை நிற்காது. காலையில் திரையை ஏற்றியதற்கே கொஞ்சம் குறைந்து மஞ்சள் கலக்கும். நான் தொட்டேன். முழுப் பச்சை. இன்னொரு தடவை தொட்டேன்.

கீழே இருந்து தவசீலன் கேட்டார், "என்ன அண்ணை, பழுதோ?"

"இல்லை. நிறைஞ்சிருக்கு."

"அப்ப பயமில்லைத்தானே. நீங்கள் யோசியாமப் போங்கோ."

நான் ஏணியில் நின்றபடியே ஆணிகளை ஒருதரம் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுகித்தான் இருந்தன.